குடல் நோயை வென்ற சுப்பாராவ்

திண்டிவனம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகும் கர்ப்பிணிப் பெண்களுக்கு ஒரு சிவப்பு மாத்திரை கொடுக்கிறார்கள். ரத்தம் ஊறுவதற்கான மாத்திரை அது. விழுப்புரத்தில் அரசுப் பள்ளியில் படிக்கும் பெண் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு முறை நீல மாத்திரை கொடுக்கிறார்கள். இரண்டிலும் இரும்புச் சத்து இருக்கிறது. அதோடு போலிக் அமிலம் என்ற மருந்தும் இருக்கிறது.

இதே வட்டாரத்தில் யானைக்கால் நோயை ஒழிக்க வீடு வீடாகப் போய் மாத்திரை கொடுத்தார்கள். திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் முதல் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை வரை அதை விழுங்கினார்கள்.

உண்ணிக் காய்ச்சல் வந்தால் டாக்டர் டாக்சிசைக்ளின் எழுதித் தருகிறார். அது டெட்ராசைக்ளின் குடும்பத்தைச் சேர்ந்த மருந்து.

இந்த மூன்று மருந்துக்கும் பின்னால் நிற்பவர் ஒரே மனிதர். அவர் சென்னையில் படித்த டாக்டர். பெயர் எல்லாப்பிரகடா சுப்பாராவ்.

உலகம் முழுவதும் கோடிக்கணக்கான மக்கள் அவருடைய மருந்தைச் சாப்பிட்டிருக்கிறார்கள். அவர் பெயரைக் கேட்டவர்கள் மிகக் குறைவு.

வாழைப்பழம் விற்க ஓடிய சிறுவன்

1895-ம் ஆண்டு ஜனவரி மாதம் 12-ந் தேதி சுப்பாராவ் பிறந்தார். ஊர் பீமாவரம். இப்போது ஆந்திராவில் இருக்கிறது. அப்போது சென்னை ராஜதானியைச் சேர்ந்தது.

தந்தை ஜகந்நாதம். தாய் வெங்கம்மா. வீட்டில் ஏழு பிள்ளைகள். சுப்பாராவ் நாலாவது பிள்ளை. தந்தை வருவாய்த் துறையில் வேலை பார்த்தார். உடல்நலம் கெட்டதால் வேலையை விட்டார். வீட்டில் வறுமை புகுந்தது.

சுப்பாராவுக்கு 13 வயது இருக்கும். ஒரு நாள் வீட்டை விட்டு ஓடி விட்டார். காசிக்குப் போய் யாத்திரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் சம்பாதிக்கலாம் என்பது அவர் எண்ணம். காசி எங்கே, பீமாவரம் எங்கே! பாதி வழி கூடப் போகவில்லை. தாய் தேடிப் பிடித்து இழுத்து வந்தாள். பிள்ளை படித்தே ஆக வேண்டும் என்பதில் அந்த அம்மாள் பிடிவாதமாக இருந்தாள்.

படிப்பு எளிதில் ஏறவில்லை. மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு முறை தோற்றார். பிறகு சென்னைக்கு வந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். மூன்றாவது முறை தேறினார்.

அதன் பின் சென்னை மாநிலக் கல்லூரி. அங்கே படிக்கும்போது சாமியாராகி விட வேண்டும் என்ற ஆசை வந்தது. ராமகிருஷ்ண மடத்துக்குப் போனார். தாய் சம்மதிக்கவில்லை. மடத்தில் இருந்தவர்கள் நல்ல யோசனை சொன்னார்கள். டாக்டருக்குப் படித்தால் அதுவும் மக்கள் தொண்டுதான் என்று வழிகாட்டினார்கள். 1915-ம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

கதர் உடுத்திய குற்றம்

படிக்கப் பணம் இல்லை. நண்பர்கள் உதவினார்கள். கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி என்பவரும் உதவினார். அவருடைய மகள் சேஷகிரியை 1919-ம் ஆண்டு சுப்பாராவ் மணந்தார்.

அது காந்தி அலை நாடெங்கும் வீசிய காலம். அன்னியத் துணியை விடுங்கள், கதர் உடுத்துங்கள் என்று காந்தியடிகள் அழைத்தார். சுப்பாராவ் ஆபரேஷன் அறைக்கே கதர் அங்கி அணிந்து போனார். அறுவை சிகிச்சைப் பேராசிரியர் ஒரு வெள்ளைக்காரர். அவருக்கு அது பிடிக்கவில்லை.

முடிவு என்ன? எழுத்துப் பரீட்சையை நன்றாகவே எழுதியும், சுப்பாராவுக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதை விடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. அரசு மருத்துவப் பணியில் சேரப் பார்த்தார். அதுவும் கிடைக்கவில்லை.

எட்டு நாளில் இரண்டு சாவு

இதற்கிடையே அவர் குடும்பத்தில் இடி விழுந்தது.

சங்கிரகணி என்று ஒரு நோய் உண்டு. நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்த பெயர் அது. சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டாது. நுரைத்து, வெளுத்து, பேதியாகப் போய்க்கொண்டே இருக்கும். நாக்கு புண்ணாகும். ரத்தம் வற்றும். ஆள் எலும்பும் தோலுமாக ஆகிவிடுவான்.

இந்த நோய் சுப்பாராவின் அண்ணனைக் கொன்றது. எட்டு நாள் கழித்து அவர் தம்பியையும் கொன்றது. வீட்டில் ஒருவன் டாக்டருக்குப் படித்தவன். அவனாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அன்று அதற்கு மருந்து கிடையாது.

பிறகு அதே நோய் சுப்பாராவையும் பிடித்தது. ஆங்கில மருத்துவம் கைவிட்ட நிலையில் அவரைக் காப்பாற்றியவர், சென்னையில் புகழ் பெற்றிருந்த ஆயுர்வேத வைத்தியர் டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி. பின்னால் உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை சென்று, 1946-ம் ஆண்டு சென்னை ராஜதானியின் சுகாதார மந்திரியான ருக்மணி லட்சுமிபதியின் கணவர் இவர்.

உயிர் பிழைத்த சுப்பாராவ், லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியிலேயே உடற்கூறு ஆசிரியராகச் சேர்ந்தார். ஆனால் மனம் அமைதியாகவில்லை. சங்கிரகணி ஏன் வருகிறது? எந்தச் சத்து குறைவதால் ரத்தம் வற்றுகிறது? இதற்கு விடை தேட வேண்டுமானால் வெளிநாடு போக வேண்டும் என்று முடிவு செய்தார்.

காக்கிநாடாவில் உள்ள மல்லாடி சத்தியலிங்கம் நாயக்கர் தரும நிதியும், மாமனாரும் பண உதவி செய்தார்கள். மூன்று ஆண்டில் திரும்பி விடுவதாக மனைவியிடம் சொல்லி விட்டுக் கப்பல் ஏறினார்.

அவர் திரும்பி வரவே இல்லை.

மலச்சட்டி கழுவிய டாக்டர்

1922-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 26-ந் தேதி அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் போய் இறங்கினார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்ப நாட்டு நோய்கள் பற்றிய படிப்பில் சேர்ந்தார்.

அமெரிக்காவில் டாக்டராக வேலை பார்க்க அவருக்கு உரிமை இல்லை. வயிற்றைக் கழுவ வேண்டுமே! பாஸ்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் இரவு நேர எடுபிடி வேலை கிடைத்தது. நோயாளிகளின் மலச்சட்டியையும் மூத்திரச் சட்டியையும் எடுத்துக் கழுவுவதுதான் வேலை. சென்னையில் டாக்டர், பாஸ்டனில் சட்டி கழுவுகிறவர். அதற்காக அவர் வெட்கப்படவில்லை. இரவில் சட்டி கழுவினார். பகலில் படித்தார்.

ஊரில் சேஷகிரிக்கு ஆண் குழந்தை பிறந்தது. கைக்குழந்தையாக இருக்கும்போதே, தோலில் பரவும் ஒரு கிருமி நோய் அந்தக் குழந்தையைக் கொண்டு போயிற்று. சுப்பாராவ் தம் மகனின் முகத்தைக் கூடப் பார்க்கவில்லை.

அண்ணன், தம்பி, மகன். மூவரையும் நோய் பறித்தது. பின்னால் சுப்பாராவ் செய்த வேலை எல்லாம் இந்த மூன்று சாவுக்கும் பதில் சொன்னது போலவே அமைந்தது.

1924-ம் ஆண்டு டிப்ளமா வாங்கினார். ஹார்வர்டிலேயே உயிர் வேதியியல் பிரிவில் பிஸ்க் என்ற பேராசிரியருடன் சேர்ந்தார். ரத்தத்தில் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க இருவரும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 1925-ம் ஆண்டு வெளியான அந்த முறைக்கு இன்றும் பிஸ்க்-சுப்பாராவ் முறை என்றே பெயர்.

நாம் கையை அசைக்கிறோம், நடக்கிறோம். அதற்குச் சக்தி எங்கிருந்து வருகிறது? ஏ.டி.பி. என்ற பொருளில் இருந்து வருகிறது. உடம்பில் உள்ள ஒவ்வொரு உயிரணுவுக்கும் அதுதான் கைச்செலவுப் பணம் மாதிரி. 1929-ம் ஆண்டு பிஸ்க்கும் சுப்பாராவும் அதைக் கண்டுபிடித்தார்கள். அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமன் என்பவரும் தனியாகக் கண்டுபிடித்தார்.

இவ்வளவு செய்தும் ஹார்வர்டில் அவருக்கு நிரந்தர வேலை கிடைக்கவில்லை.

கீரையில் இருந்த ரகசியம்

1940-ம் ஆண்டு அவர் லெடர்லி என்ற மருந்துக் கம்பெனியில் சேர்ந்தார். நியூயார்க் அருகில் பேர்ல் ரிவர் என்ற ஊரில் அதன் ஆராய்ச்சிச் சாலை இருந்தது. சில ஆண்டுகளில் அங்கே ஆராய்ச்சித் தலைவர் ஆனார்.

ரத்தம் வற்றுவதற்குக் காரணம் ஏதோ ஒரு சத்துக் குறைவு என்று அதற்கு முன்பே லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் டாக்டர் கண்டிருந்தார். பம்பாயில் மில் தொழிலாளிக் குடும்பங்களின் கர்ப்பிணிப் பெண்களை ஆராய்ந்து இதைச் சொன்னார். நம் நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் அவர் ஆராய்ச்சி செய்திருக்கிறார்.

அந்தச் சத்து ஈரலில் இருந்தது. கீரையில் இருந்தது. ஆனால் தனியாகப் பிரித்து எடுப்பது பெரும்பாடாக இருந்தது. சுப்பாராவின் குழுவினர் அதைப் பிரித்தார்கள். 1945-ம் ஆண்டு ஆராய்ச்சிச் சாலையிலேயே செய்தும் காட்டினார்கள். அதுதான் போலிக் அமிலம்.

1946-ம் ஆண்டு கியூபா நாட்டில் சங்கிரகணி நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். வற்றிய ரத்தம் ஊறியது. நாக்குப் புண் ஆறியது. பசி எடுத்தது. அண்ணனையும் தம்பியையும் கொன்ற நோய்க்கு மருந்து கிடைத்து விட்டது!

அடுத்து யானைக்கால் நோய்க்கான மருந்து. டி.இ.சி. என்று அதைச் சுருக்கமாகச் சொல்வார்கள். 1947-ம் ஆண்டு அது வெளிவந்தது. 1990-களில் புதுச்சேரி ஆராய்ச்சியாளர்கள், அன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் திருக்கோவிலூர் பக்கத்துக் கிராமங்களில் இந்த மருந்தைக் கொடுத்து, நோய் பரவுவது குறைகிறதா என்று ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள்.

போலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் மருந்துகளையும் சுப்பாராவின் குழு செய்தது. பாஸ்டனில் டாக்டர் பார்பர் என்பவர் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு அவற்றைக் கொடுத்தார். அப்படிப் பிறந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் பயன்படுகிறது.

மண்ணில் கிடைத்த தங்கம்

பென்சிலின் வந்த காலம் அது. அது சில கிருமிகளைக் கொல்லும். சிலவற்றை விட்டு விடும். எல்லா வகைக் கிருமிகளையும் தாக்கும் மருந்து வேண்டும் என்று சுப்பாராவ் நினைத்தார். அந்த வேலைக்கு டக்கர் என்ற தாவர நிபுணரை அமர்த்தினார்கள். டக்கர் பல்கலைக்கழகத்தில் ஓய்வு பெற்ற, 70 வயது தாண்டிய கிழவர்!

ஊர் ஊராக மண் வந்து சேர்ந்தது. மிசௌரி மாநிலத்து வயல் மண் ஒன்றில் பொன்னிறமாக ஒரு நுண்ணுயிர் வளர்ந்தது. அது சுரந்த பொருள் பல வகைக் கிருமிகளைக் கொன்றது. ஆரியோமைசின் என்று பெயர் வைத்தார்கள். டெட்ராசைக்ளின் குடும்பத்தில் முதல் மருந்து அதுதான். 1948-ம் ஆண்டு ஜூலை மாதம் நியூயார்க்கில் அது வெளியிடப்பட்டது.

கூட்டத்தில் முன்னால் நின்றவர்கள் மற்றவர்கள். சுப்பாராவ் எப்போதும் போல் பின்னால் இருந்து கொண்டார்.

அடுத்த மாதமே, ஆகஸ்டில், ஒரு நாள் இரவு படுத்தவர் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே மாரடைப்பு. வயது 53.

இன்று சங்கிரகணிக்கு டாக்டர்கள் கொடுக்கும் மருந்து இரண்டு. ஒன்று போலிக் அமிலம். இன்னொன்று டெட்ராசைக்ளின். போலிக் அமிலத்தைச் செய்து காட்டியதும், டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்து பிறந்ததும் சுப்பாராவின் ஆராய்ச்சிச் சாலையில்தான். 1960-களின் தொடக்கத்தில் வேலூர் பக்கத்துக் கிராமங்களில் இந்த நோய் கொள்ளை நோயாகப் பரவியது. அப்போது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் ஊர் ஊராகப் போய் அதை ஆராய்ந்தார்கள். குடலில் வேண்டாத பாக்டீரியாக்கள் பெருகுவதே நோயின் முக்கிய காரணம் என்று இப்போது கருதுகிறார்கள்.

மருந்துக்கு மசியாத கிருமிகள்

சுப்பாராவ் போன பிறகு கதை திரும்பியது.

ஆரியோமைசின் எடுத்தது போக மிஞ்சிய கழிவைக் கோழிக்குப் போட்டால் கோழி கொழுக்கிறது என்று லெடர்லி ஆராய்ச்சியாளர்கள் 1949-ம் ஆண்டு வாக்கில் கண்டார்கள். கோழி, பன்றி, மாடு எல்லாவற்றுக்கும் தீவனத்தோடு மருந்து போயிற்று. மனிதர்களும் சளிக்கும் தும்மலுக்கும் கூட மருந்துக் கடையில் கேட்டு வாங்கி விழுங்கினார்கள்.

கிருமிகள் சும்மா இருக்குமா? நோஞ்சான் கிருமி செத்தது. மருந்தைத் தாங்கிய கிருமி பிழைத்து, குட்டி போட்டது. அதன் குட்டிகளும் மருந்துக்கு மசியவில்லை.

2010-ம் ஆண்டு ஒரு ஆராய்ச்சி வெளியாயிற்று. கடைசி ஆயுதமாக வைத்திருந்த மருந்துகளுக்கும் அடங்காத கிருமி, சென்னையில் 44 நோயாளிகளிடம் இருந்தது தெரிய வந்தது. 2012-ம் ஆண்டு டாக்டர்கள் சென்னையில் கூடி, இந்த ஆபத்தைத் தடுக்கப் பிரகடனம் வெளியிட்டார்கள். 2019-ம் ஆண்டு கோழித் தீவனத்தில் கொலிஸ்டின் என்ற மருந்தைக் கலக்க இந்திய அரசு தடை போட்டது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் அந்த ஓர் ஆண்டில் உலகில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

குடலில் ஒரு நடவு

நம் உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. பெரும்பாலானவை பெருங்குடலில் இருக்கின்றன. எல்லாம் எதிரிகள் அல்ல. நல்ல பாக்டீரியாக்கள் இடத்தை அடைத்துக்கொண்டு, கெட்டவற்றைத் தலையெடுக்க விடாமல் வைக்கின்றன.

திண்டிவனம் பக்கத்து விவசாயிகளுக்கு இது புதிது அல்ல. வேர்க்கடலை விதைக்கும் முன் கஞ்சியில் ரைசோபியம் கலந்து விதை நேர்த்தி செய்கிறார்கள். அதுவும் நல்ல பாக்டீரியாதான். மண்ணுக்கு நல்ல கிருமியைக் கொடுத்துப் பயிரைக் காக்கும் வழி அது.

பல கிருமிகளைக் கொல்லும் மருந்தை அடிக்கடி விழுங்கினால் குடலில் நல்ல பயிரும் அழிகிறது. காலி நிலத்தில் கோரை முளைப்பது போல், மருந்தைத் தாங்கும் கிருமி அங்கே முளைக்கிறது. டிபிசில் என்ற கிருமி அப்படிப்பட்டது. பேதியாகி உயிரே போகும்.

சுப்பாராவ் இறந்து பத்தாண்டு கழிந்து, 1958-ம் ஆண்டு அமெரிக்காவில் டென்வர் நகரில் டாக்டர் ஐஸ்மன் ஒரு காரியம் செய்தார். மருந்து சாப்பிட்டதால் குடல் புண்ணாகிச் சாகக் கிடந்தவர்களுக்கு, ஆரோக்கியமான ஆட்களின் மலத்தைக் கரைத்துக் குடலுக்குள் செலுத்தினார். நாலு பேர் பிழைத்தார்கள்.

கேட்கவே அருவருப்பாக இருக்கும். ஆனால் அதுவும் ஒரு நடவுதான். நல்ல நாற்றங்காலில் இருந்து நாற்று பிடுங்கி, அழிந்த வயலில் நடுகிறார்கள். 2013-ம் ஆண்டு ஹாலந்து டாக்டர்கள் 16 பேருக்கு இதைச் செய்தார்கள். ஒரே தடவையில் 13 பேருக்குப் பேதி நின்றது. 2022, 2023 ஆண்டுகளில் அமெரிக்க அரசு இந்த வகையில் இரண்டு மருந்துகளுக்கு அனுமதி கொடுத்தது. இந்தியாவிலும் லூதியானா தயானந்த் மருத்துவக் கல்லூரியில் பெருங்குடல் புண்ணுக்கு இந்த முறையைக் கையாண்டிருக்கிறார்கள்.

மருந்துக்கு அடங்காத கிருமி குடலில் குடியிருப்பவர்களுக்கு இதைச் செய்தால், நல்ல கிருமி அதை விரட்டுமா? இந்த ஆராய்ச்சி இப்போது பல நாடுகளில் நடக்கிறது. அமெரிக்காவில் சிறுநீரகம் மாற்றிக்கொண்ட சிலரிடம் அந்தக் கிருமி குறைந்ததாக 2023-ம் ஆண்டு எமரி பல்கலைக்கழகத்தார் தெரிவித்தார்கள். சிலரிடம் விரட்டுகிறது, சிலரிடம் விரட்டுவது இல்லை.

ஆபத்தும் உண்டு. 2019-ம் ஆண்டு அமெரிக்காவில், சரியாகச் சோதிக்காத மலத்தோடு கெட்ட கிருமியும் போய் ஒருவர் இறந்தார். அதனால் கொடுப்பவரின் ரத்தத்தையும் மலத்தையும் பல விதமாகச் சோதிக்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரியில், டாக்டர்தான் செய்ய வேண்டும். வீட்டில் யாரும் முயற்சி செய்யக் கூடாது.

பாஸ்டனில் இரவு நேரத்தில் மலச்சட்டி கழுவிய சுப்பாராவ் இதைக் கேட்டிருந்தால் முகம் சுளித்திருக்க மாட்டார்.

வீட்டுக்கு ஒரு கடமை

சுப்பாராவ் நோபல் பரிசு வாங்கவில்லை. சொத்தும் சேர்க்கவில்லை. 1953-ம் ஆண்டு ஒரு பூஞ்சைக்கு அவர் பெயரை வைத்தார்கள். அவர் பிறந்து நூறு ஆண்டு ஆனதும், 1995-ம் ஆண்டு இந்திய அரசு அவர் படம் போட்ட தபால் தலை வெளியிட்டது.

அவருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை ஒன்று உண்டு. சளி, சாதாரணக் காய்ச்சல் பெரும்பாலும் வைரஸால் வருவது. அதற்குக் கிருமிக்கொல்லி மருந்து வேலை செய்யாது. டாக்டர் எழுதாமல் அந்த மருந்தை வாங்காதீர்கள். டாக்டர் எழுதிக் கொடுத்தால், சொன்ன அளவில், சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள். மிச்சம் வைத்து அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.

அண்ணனுக்கும் தம்பிக்கும் மகனுக்கும் கிடைக்காத மருந்தை அந்த மனிதர் உலகத்துக்குத் தேடிக் கொடுத்தார். அது நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் வேலை செய்ய வேண்டும்.